பேனாவும் சட்டமும் – 7: ஏழு பைசா நாளிதழ்

1950-இல் பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' இதழை மதராஸ் மாநிலத்துக்குள் நுழையவிடாமல் அரசு தடுத்ததையும், உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியதையும் சென்ற வாரம் பார்த்தோம். அது வெளிப்படையான தடை. பத்து ஆண்டுகள் கழித்து வந்த ஆணையில் தடை என்ற சொல்லே இல்லை. விலையும் பக்கக் கணக்கும்தான் இருந்தன. அதனாலேயே அது எனக்கு அதிக அச்சம் தருகிறது.

நானாசாகேப் பருலேகர் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். 1932-இல் புனேயில் 'சகாள்' என்ற மராத்தி நாளிதழைத் தொடங்கினார். அது எந்தக் கட்சியையும் சாராத பத்திரிகை. 1960 வாக்கில் வாரநாட்களில் சுமார் 52,000 பிரதிகள் விற்றது. விலை ஏழு நயா பைசா. ஐந்து நாள் ஆறு பக்கம், ஒரு நாள் நான்கு பக்கம். ஞாயிறு இதழைச் சேர்க்காமல் வாரத்துக்கு 34 பக்கம்.

1956-இல் நாடாளுமன்றம் நாளிதழ்களின் விலையையும் பக்கத்தையும் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியிருந்தது. அதன்கீழ் 1960-இல் ஆணை பிறந்தது. ஏழு பைசாவுக்கு விற்றால் ஆறு நாளுக்கும் சேர்த்து 24 பக்கம்தான் தரலாம். பழையபடி 34 பக்கம் வேண்டுமானால் விலையை ஏற்றியாக வேண்டும். இணைப்பிதழ்கள் எத்தனை வெளியிடலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. விளம்பரத்துக்கு எவ்வளவு இடம் ஒதுக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தையும் சட்டம் அரசுக்குத் தந்திருந்தது.

அரசு சொன்ன காரணத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. பண பலமுள்ள பெரிய பத்திரிகை குறைந்த விலைக்கு நிறையப் பக்கங்களைக் கொடுத்தால் சிறிய பத்திரிகை நசிந்துபோகும் என்பது உண்மையான கவலைதான். 1952-இல் அமைக்கப்பட்ட முதல் பத்திரிகை ஆணையமே விலைக்கும் பக்கத்துக்கும் முடிச்சுப் போடச் சொல்லியிருந்தது. ஆனால் அந்த முடிச்சு யார் கழுத்தில் விழுந்தது? பக்கத்தைக் குறைத்தால் செய்தியும் கருத்தும் குறையும். விலையை ஏற்றினால், காசை எண்ணிப் பார்த்து வாங்குகிறவர் பத்திரிகையை நிறுத்திவிடுவார். விளம்பரத்தில் கைவைத்தால் வருமானம் விழுந்து, மறுபடியும் விலைதான் ஏறும். எந்த வழியில் போனாலும் இழப்பு வாசகருக்கு. ஒரு வரியைக்கூட வெட்டாமல் ஒரு பத்திரிகையின் குரலைத் தணித்துவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

'சகாள்' நிறுவனம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வாசகர்களும் தனியே மனு போட்டார்கள் என்பது இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 'எங்கள் பத்திரிகையின் பக்கத்தைக் குறைக்க நீங்கள் யார்?' என்று கேட்கும் உரிமை வாங்கிப் படிப்பவருக்கும் உண்டு என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

பத்திரிகை நடத்துவது ஒரு வணிகம், பொதுநலன் கருதி வணிகத்தைக் கட்டுப்படுத்த அரசியல் சட்டம் இடம் தருகிறது என்பது அரசுத் தரப்பின் வாதம். 1961 செப்டம்பர் 25 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்க மறுத்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி முதோல்கர். பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அரசியல் சட்டத்தின் 19(2) பிரிவு சில காரணங்களைக் குறிப்பிட்டுச் சொல்கிறது. பொதுநலன் என்ற பொதுவான காரணம் அந்தப் பட்டியலில் இல்லை. வணிக உரிமைக்கு உள்ள கடிவாளத்தைக் கொண்டுவந்து பேச்சுரிமைக்கு மாட்ட முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். எத்தனை பேரிடம் போய்ச் சேர்கிறது என்பதும், எவ்வளவு எழுத முடிகிறது என்பதும் கருத்துரிமையின் பகுதிகளே என்று நீதிமன்றம் தெளிவாக்கியது. பக்கத்துக்கு விலை நிர்ணயிக்கும் சட்டப்பிரிவும் அதன்கீழ் வந்த ஆணையும் செல்லாமல் போயின.

தொழிலையும் சிந்தனையையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கலாம் என்று நம்புகிறவர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை படிக்க வேண்டும். தன் காசைப் போட்டு அச்சகம் நடத்துகிறவரின் கணக்குப் புத்தகத்தில் அரசு நுழைந்தால், அடுத்த அடி தலையங்கத்தின் மேல்தான் விழும்.

அரசு இதோடு விட்டுவிடவில்லை. 1972-இல், இறக்குமதியாகும் நியூஸ்பிரிண்ட் காகிதத்தின் வழியாக, நாளிதழ்களுக்குப் பத்துப் பக்க உச்சவரம்பு வந்தது. பெரிய பத்திரிகை நிறுவனங்கள் தொடுத்த அந்த வழக்கை அடுத்த வாரம் பார்ப்போம்.