சுருதிக்கு ஒரு சின்னக் குமிழ்

‘சுருதி மாதா, லயம் பிதா’ என்பது இசை கற்போர் முதல் நாளிலேயே கேட்கும் வாசகம். புந்தோங்கில் தேவாரம் பழகும் பிள்ளைக்கும் இது பொருந்தும். தைப்பூசத்தன்று கல்லுமலைக்குக் காவடியோடு பாடிச் செல்லும் குழுவுக்கும் பொருந்தும். தாயே தடுமாறினால் பிள்ளை எப்படி நேராக நடக்கும்?

1979இல் பெங்களூரைச் சேர்ந்த புல்லாங்குழல் கலைஞரும் பொறியாளருமான ஜி. ராஜ்நாராயண் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். தந்தியின் வேலையை மின்சுற்று செய்தது. சீராக அதிரும் மின்னலையை உண்டாக்கும் ‘ஆசிலேட்டர்’தான் இத்தகைய கருவிகளின் உயிர். பாகங்களை வாங்கி வீட்டிலேயே இணைக்கும் மாடுலர் சின்தசைசரிலும் அதுவே உள்ளது. ஒரு ஆசிலேட்டரை ஸட்ஜமத்திலும் மற்றொன்றைப் பஞ்சமத்திலும் வைத்தால் சுருதிப் பெட்டி தயார்.

ஆனால், சுருதி சேர்ப்பதில்தான் சிக்கல். ஒரு ஸ்தாயியை 1,200 பங்காக்கினால் ஒரு பங்கின் பெயர் சென்ட். (காசு அல்ல!) இயற்கையான பஞ்சமம் 702 சென்ட், கீபோர்டில் உள்ளது 700. இரண்டு சென்ட்தானே என்று நினைக்க வேண்டாம். ஸட்ஜமம் வினாடிக்கு 200 அதிர்வு என்றால், கீபோர்டின் பஞ்சமம் அதனோடு சேரும்போது ஏறக்குறைய ஒன்றரை வினாடிக்கு ஒருமுறை ஒலி அலைபாயும். பழகிய காது அதைக் கண்டுகொள்ளும்.

பல ஆசிலேட்டர்களில் ஒரே குமிழ் ஐந்து ஸ்தாயியைச் சுமக்கிறது. குமிழ் சுழல்வதோ சுமார் 300 பாகை. ஒரு பாகை அசைந்தாலே 20 சென்ட் தாவிவிடும். இரண்டு சென்ட்டைத் திருத்த எந்த விரலால் முடியும்?

இதற்குப் புதிய கருவி தேவையில்லை. இன்னொரு குமிழும் ஒரு ரெசிஸ்டரும் போதும். ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி உயரும் என்பது ராபர்ட் மூக் பரப்பிய முறை. வெளியிலிருந்து வரும் அந்த வோல்ட் சுற்றுக்குள் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய குமிழுக்கு 470 கிலோ ஓம் இருக்கும். புதிய குமிழின் இரு முனைகளை +12, -12 வோல்ட்டில் இணைத்து, நடுமுனையை 10 மெகா ஓம் வழியாக அதே இடத்தில் சேர்க்க வேண்டும். ரெசிஸ்டர் பெரிதானால் குமிழின் செல்வாக்கு குறையும். கணக்குப்படி 24 வோல்ட்டும் கால் ஸ்தாயிக்குள் அடங்கிவிடும். ஒரு பாகைக்கு ஏறக்குறைய ஒரு சென்ட்!

மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். சூடேறினால் சுருதி நகரும் என்பதால், கருவியைக் கால் மணி நேரம் இயக்கிய பிறகே சுருதி சேர்க்க வேண்டும். முதலில் பெரிய குமிழால் அருகில் சென்று, பிறகு சின்னக் குமிழை மெல்லத் திருப்ப வேண்டும். அலைபாய்தல் மெதுவாகி, முற்றிலும் நிற்கும் இடமே சுருதி.

திரையில் தெரியும் எண்ணைப் பார்த்துச் சுருதி சேர்க்கும் பிள்ளைக்கு எண் பழகும். அலை நிற்பதைக் கேட்டுச் சேர்க்கும் பிள்ளைக்குக் காது பழகும். பாடப்போகிறவருக்கு வேண்டியது காதுதான்.