பல அச்சு வண்டியும் வீட்டு மாதிரியும்
விண்கலப் பாகங்களைப் பதப்படுத்தும் 70 டன் அழுத்தக் கலன் ஒன்றை ஏற்றிய 74 சக்கர வண்டி, மகாராஷ்டிரத்து அம்பர்நாத்திலிருந்து ஏறக்குறைய ஓராண்டு ஊர்ந்து, 2020 ஜூலையில் திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தை அடைந்தது.

இத்தகைய வண்டியின் சிறு மாதிரியை வீட்டிலேயே அமைத்து, வானொலி அலையால் இயக்க முயல்வோர் பெரும்பாலும் மோட்டாரின் ஆற்றலைப் பற்றியே கவலையுறுகின்றனர். உண்மையில் இடர் திருப்பத்தில்தான் உள்ளது. அச்சுகள் பெருகினால் சுமை பங்கிடப்படும். சாலையும் பாலமும் பிழைக்கும். ஆனால் வளைவில் அச்சுகள் யாவும் திரும்பாது நின்றால், சில சக்கரங்கள் உருளாமல் பக்கவாட்டில் தேய்ந்து இழுபடும். அச்சுக்கோடுகள் அனைத்தும் வளைவின் ஒரே மையத்தில் சந்தித்தல் வேண்டும். ஆகவே முன்னச்சுகள் ஒரு புறமும் பின்னச்சுகள் எதிர்ப்புறமும் திரும்ப, வண்டியின் நடுவை நெருங்கும் அச்சுகளுக்குக் கோணம் குறைந்துகொண்டே வரும்.

மாதிரியில் இதற்குத் தனித்தனி மோட்டார் தேவையில்லை. ஒரே ஸர்வோ மோட்டாரிலிருந்து செல்லும் கம்பிகளை, ஒவ்வோர் அச்சிலும் வெவ்வேறு நீளமுள்ள நெம்புகோலில் பூட்டினாற் போதும். நெம்புகோல் நீளுமளவு கோணம் சுருங்கும்.

மேடுபள்ளம் மற்றோர் இடர். பெருவண்டிகளில் ஒன்றோடொன்று இணைந்த எண்ணெய் உருளைகள் சுமையைச் சமன்செய்கின்றன. மாதிரிக்கு ஈரச்சுகளை ஏற்றப்பலகைபோல் இணைக்கும் சட்டமே போதுமானது; அஃதின்றேல் நடு அச்சு கல்லிலேறியவுடன் மற்றவை அந்தரத்தில் தொங்கும்.

முடித்தபின் மணல் தூவிய தரையில் வண்டியை மெல்ல வட்டமிடச் செய்க. எந்தச் சக்கரம் மணலை ஒதுக்கித் தள்ளுகிறதோ, அவ்வச்சின் நெம்புகோலைத் திருத்துதல் வேண்டும்.