காலிழந்த குடியானவருக்கு ஏற்ற சாதனங்கள்

பழனி மலையடிவாரத்துக் கன்னிவாடி போன்ற ஊர்களில் விவசாயம் வரப்பிலும் சேற்றிலும் சரிவிலும் நடப்பதாகும். காலிழந்த குடியானவர் வயலில் இறங்க இயலாவிடில் நிலத்தைக் குத்தகைக்கு விட நேரிடுகிறது. பூட்சுடன் அணியும் மேனாட்டுச் செயற்கைக் கால் இதற்கு உதவாது, பூட்சு சேற்றில் ஊறிக் கெடும், குந்தவும் இயலாது.

இக்குறையை நீக்க 1960-களின் இறுதியில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி. கே. சேத்தியும் ரப்பர் பாதம் ஒன்றை அமைத்தனர். உள்ளே மரமும் பஞ்சு ரப்பரும் வைத்து, மேலே ரப்பர் போர்த்தி, அச்சிலிட்டுச் சூட்டில் இறுக்குவர். ஆகையால் அது நனைந்தாலும் கெடாது. பல பக்கமும் வளையும். பூட்சின்றி வரப்பில் நடக்கலாம், குந்திக் களையெடுக்கலாம். 1975-இல் தோன்றிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி இதனை இலவசமாக அளித்து வருகிறது.

குந்த முடியாதோர் நின்றபடியே களையெடுக்க, நீண்ட காம்புள்ள களைக்கொத்தியை அவரவர் உயரத்திற்கேற்ப உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் செய்து தரலாம்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது: 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசுத் திட்டங்களில் விவசாய நிலம் வழங்குகையில், 40 சதவீதத்திற்குக் குறையாத ஊனமுடையோர்க்கு 5 சதவீதம் ஒதுக்குதல் வேண்டும். தகுதியுடையோர் மருத்துவச் சான்று பெற உதவுவது அவசியம். சான்றில்லாமல் இவ்வுரிமை கைக்கு வராது.