நிவாரணம் கொண்டு வருவோர் யார்?

2022ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், மெர்பாக் சூறாவளியின் எச்சம் அலாஸ்காவின் மேற்குக் கரையைத் தாக்கி, வீடுகளையும் படகுகளையும், மீன்பிடிக்கும் வேட்டைக்குமென்று பழங்குடி மக்கள் கட்டி வைத்திருந்த குடில்களையும் அடித்துக்கொண்டு போன பிறகு, அமெரிக்க மத்திய சர்க்காரின் பேரிடர் நிவாரண ஸ்தாபனம் அங்குள்ள யூபிக், இன்யூபியாக் மக்களுக்கு அவர்களுடைய தாய்மொழியிலேயே விண்ணப்ப விவரங்களை அச்சிட்டு அனுப்பிற்று. நோக்கம் உத்தமமானதே. ஆனால் காகிதத்தைக் கையில் வாங்கியவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உதவித் தொகையைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில், விடியற்காலை வேட்டையைப் பற்றியும் துருவக் கரடியைப் பற்றியும் துண்டு துண்டான வாக்கியங்கள் நின்றன. ருஷ்யாவின் கிழக்குக் கோடியில் 1940களில் திரட்டப்பட்ட ஒரு மொழித் தொகுப்பிலிருந்து அவற்றைப் பெயர்த்தெடுத்துத் தாறுமாறாகக் கோத்திருந்தார்கள். போதாக்குறைக்கு, கனடாவின் இன்யூட் மக்களுக்கு உரிய எழுத்தும் அந்த அறிக்கைகளுள் ஒன்றில் புகுந்திருந்தது. ஒப்பந்தம் எடுத்திருந்த கலிஃபோர்னியா நிறுவனம் நீக்கப்பட்டது. ஸ்தாபனமும் தவற்றை ஒப்புக்கொண்டது. எழுதிய இடத்திலிருந்து கிராமத்தை எட்டும் வரையில், அந்தக் காகிதம் அம்மொழி அறிந்த ஒருவர் கண்ணிலும் பட்டதாகத் தெரியவில்லை என்பதே இதில் மனத்தை உறுத்தும் விஷயம்.

ஃபெமா என்று சுருக்கமாக வழங்கும் இந்த ஸ்தாபனத்தை (நம் நாட்டு அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கும் அதே சுருக்கப் பெயர் உண்டு; இரண்டும் வேறு) 1979இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், பல இலாகாக்களில் சிதறிக் கிடந்த பொறுப்புகளை ஒன்று திரட்டி நிறுவினார். மாநில கவர்னர் வேண்டுகோள் விடுக்க, ஜனாதிபதி பேரிடர் என்று பிரகடனம் செய்ய, 1988ஆம் ஆண்டின் ஸ்டாஃபர்டு சட்டப்படி இது பணமும் ஆட்களும் கொண்டு களத்தில் இறங்கும். வெள்ளத்தில் தத்தளிப்பவன், கை கொடுப்பவனின் ஜாதியையும் நிறத்தையும் விசாரிப்பதில்லை. ஆகவே நிவாரண உத்தியோகத்தில் பலதரப்பட்டவர்களும் இருக்க வேண்டும் என்ற பேச்சே வீண் என்று வாதிப்போர் உண்டு. முதற்பாதி முற்றிலும் உண்மை. ஆனால் கை கொடுத்துக் கரையேற்றுவது பெரும்பாலும் உள்ளூர்த் தீயணைப்புப் படையும் கடலோரக் காவற்படையும் செய்யும் வேலை. ஃபெமாவின் வேலையோ, தண்ணீர் வடிந்த பிறகு மாதக் கணக்கில், சில சமயம் வருஷக் கணக்கில், வீடு வீடாகச் சென்று விசாரிப்பதும், விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதும், இழப்பை மதிப்பிடுவதும், இன்னாருக்கு இவ்வளவு என்று தீர்மானிப்பதுமாகும். அங்கே எதிரில் இருப்பவரின் பேச்சும் வாழ்க்கை முறையும் தெரியாதவரால் நியாயம் செய்ய முடியாது.

தலைமையின் கதையை முதலில் பார்த்துவிடலாம். ஆரம்ப காலத்தில் அரசியல் ஆதரவாளர்களுக்குப் பரிசாகக் கொடுக்கும் பதவிகள் இங்கே மலிந்திருந்தன; 1992இல் ஆண்ட்ரூ சூறாவளி ஃப்ளோரிடாவைப் புரட்டிப் போட்டபோது அதன் பலன் வெளிப்பட்டது. மறு ஆண்டு பொறுப்பேற்ற ஜேம்ஸ் லீ விட், அர்க்கன்ஸாவின் கிராமப்புறத்தில் வளர்ந்து, அம்மாநிலத்தின் அவசரகால நிர்வாகத்தை நடத்திக் காட்டியவர். துறை அனுபவத்தோடு அந்தப் பதவிக்கு வந்த முதல் மனிதரும் அவரே. ஸ்தாபனம் தலை நிமிர்ந்தது. பின்னர் 2003இல் அது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குள் அடக்கப்பட்டது. 2005 ஆகஸ்ட் 29ஆம் தேதி கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸின் கரைகளை உடைத்து நகரத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தை நீரில் ஆழ்த்தியபோது, தலைமைப் பீடத்தில் இருந்தவர் மைக்கேல் பிரௌன். முன்னர் அரபுக் குதிரை வளர்ப்போர் சங்கமொன்றில் உத்தியோகம் பார்த்தவர். அந்நகரின் ஜனத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பின மக்கள். சொந்த வண்டி இல்லாமல் ஊரை விட்டு வெளியேற முடியாதவர் ஏராளம். மாநாட்டு மண்டபத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சோறும் தண்ணீருமின்றித் தவித்த காட்சியைத் தொலைக்காட்சி காட்டிக்கொண்டிருக்க, அந்தச் செய்தி மத்திய சர்க்காருக்கு அன்றுதான் எட்டியது என்று பிரௌன் பேட்டியில் கூறினார். செப்டம்பர் 12ஆம் தேதி அவர் பதவி விலகினார்.

அந்த அவமானத்தின் விளைவாக 2006இல் பிறந்த சீர்திருத்தச் சட்டம், ஃபெமாவின் தலைவருக்கு அவசரகால நிர்வாகத்தில் நிரூபிக்கப்பட்ட அறிவும், குறைந்தது ஐந்தாண்டு தலைமை நிர்வாக அனுபவமும் வேண்டும் என்று விதித்தது. உடற்குறை உள்ளவர்களின் தேவையைக் கவனிக்கத் தனி அதிகாரி ஒருவரையும் ஏற்படுத்திற்று. தகுதியையும், எல்லாத் தரத்து மக்களையும் கருதும் நோக்கையும் அச்சட்டம் ஒருங்கே கேட்டது. ஸ்தாபனம் பிறந்து 42 ஆண்டுகள் கழித்து, 2021இல், செனட் சபையின் ஒப்புதலோடு தலைமையேற்ற முதல் பெண்மணி டியான் கிரிஸ்வெல், கொலராடோவில் தீயணைப்பு வீரராகவும் விமானத் தேசியக் காவற்படையிலும் பணியாற்றி, நியூயார்க் நகரின் அவசரகால நிர்வாகத்தையும் நடத்தியவர். பெண் என்பதற்காகத் தகுதியில் ஒரு குன்றிமணியும் தளர்த்த வேண்டியிருக்கவில்லை.

ஆயினும் தலைவர் ஒருவரால் ஆவது சொற்பம். வாசற்படியில் வந்து நிற்கும் சிப்பந்தியிடம்தான் மக்கள் சர்க்காரைக் காண்கிறார்கள். 2017இல் மரியா சூறாவளி சூறையாடிய போர்ட்டோ ரிக்கோவில், ஸ்பானிய மொழி பேசத் தெரிந்த ஊழியர்கள் போதவில்லை. மொழியைவிடக் கொடிய இடையூறு ஒன்றும் அங்கே இருந்தது. பாட்டன் கட்டிய வீட்டில் பேரன் குடியிருப்பான். உயிலும் இல்லை, பத்திரப் பதிவும் இல்லை. நம் கிராமங்களில் பட்டா தாத்தாவின் பேரிலேயே கிடப்பதைப் போன்ற நிலை. தென் மாநிலங்களின் கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றிலும் சொத்து இப்படியே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கிறது. கூரை பறிபோனவனிடம் உரிமைப் பத்திரம் கேட்டார்கள். இல்லையென்றதும் விண்ணப்பத்தைத் தள்ளினார்கள். சட்டப்படி அது பிழையற்ற காரியமாகத் தோன்றியிருக்கும். அந்த வகை வீட்டில் பிறந்து வளர்ந்த ஒருவர் விதிகளை எழுதும் மேஜையில் அமர்ந்திருந்தால், அப்படிப்பட்ட நிபந்தனை ஒரு நாளும் அதைத் தாண்டி வந்திராது என்பது என் திடமான அபிப்பிராயம். வேறு அத்தாட்சிகளையும், வழியே இல்லாத சந்தர்ப்பத்தில் குடியிருப்பவரின் சுய உறுதிமொழியையும் ஏற்கலாம் என்று நாடு முழுவதற்குமாக விதி தளர்ந்தது 2021 செப்டம்பரில்தான்.

மக்களின் பேச்சும் வாழ்க்கையும் அறிந்த இத்தகைய ஊழியர்களைச் சேர்ப்பது எளிதன்று. ஃபெமாவின் ஆட்பலத்தில் கணிசமானோர், அழைப்பு வந்தால் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கோ ஒரு மாநிலத்துக்கு ஓட வேண்டிய தற்காலிகச் சிப்பந்திகள். கைக்குழந்தையை வைத்திருக்கும் தாயும், லீவு கிடைக்காத தொழிலாளியும் அதில் எப்படிச் சேருவார்கள்? இப்படிச் செல்பவரின் சொந்த வேலை பறிபோகாமல் காக்கும் சட்டமே 2022இல்தான் வந்தது. அவ்வாண்டு நிதிக் கணக்கின் தொடக்கத்தில், தேவையான பேரிடர்ச் சிப்பந்திகளில் 35 சதவீதம் பேர் குறைவாக இருந்ததாகப் பாராளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் கணித்தது. சேர்ந்தவர்கள் நிலைக்கவாவது சூழ்நிலை இருந்ததா என்றால், அதுவும் மனநிறைவு தரவில்லை: ராண்ட் ஆராய்ச்சி நிலையம் 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஊழியருள் ஏறக்குறைய பத்தில் மூவர், பால் அல்லது இனம் காரணமாக ஓராண்டுக்குள் தொந்தரவோ பாரபட்சமோ அனுபவித்ததாகத் தெரிந்தது.

கிரிஸ்வெல் காலத்துத் திட்டம் சமநீதியை முதல் இலக்காக வைத்தது. 2025 ஜனவரியில் ஆட்சி மாறியதும், மத்திய சர்க்கார் முழுவதிலும் இத்தகைய திட்டங்களை ஜனாதிபதி டிரம்ப் ஒரே கட்டளையில் நிறுத்தினார். ஃபெமாவைக் கலைப்பது மக்களுக்கு நன்மையன்று என்று மே மாதம் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்ன தற்காலிகப் பொறுப்பாளர் கேமரன் ஹாமில்டன் மறுநாளே நீக்கப்பட்டார். அடுத்து வந்த டேவிட் ரிச்சர்ட்ஸன், பேரிடர் நிர்வாகத்தில் முன்னனுபவம் இல்லாதவர், நவம்பரில் விலகினார். கிரிஸ்வெல் சென்றபின் அவ்வாண்டு முடியும் வரை, செனட் சபை உறுதி செய்த தலைவர் ஒருவரும் அங்கு இல்லை. தகுதி ஒன்றே போதும் என்று கூறிப் பன்முகத்தன்மையைத் தள்ளியவர்கள், தகுதியையும் காக்கவில்லை.

2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாண்டு நிபந்தனை, ‘தற்காலிகம்’ என்ற பெயரில் அமர்த்தப்படுவோரையும் கட்டுப்படுத்துமாறு திருத்தப்பட வேண்டும். அத்துடன், புயலும் வெள்ளமும் அடிக்கடி தாக்கும் பிரதேசங்களிலிருந்தே, அந்தந்த மொழி பேசுவோரை, பேரிடர் நேருமுன் சம்பளம் கொடுத்துப் பயிற்றி வைத்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் செய்து மற்றதை விடுவதால் பயனில்லை.