கற்றாழையும் ரணகள்ளியும்: இலை வாடினால் செய்ய வேண்டுவன

தாராசுரத்தில் தறி போட்டிருக்கும் வீடுகளிலும் சுற்றுப்புறக் கிராமங்களில் குடியானவர் வீடுகளிலும் சோற்றுக்கற்றாழை, ரணகள்ளி, கற்பூரவல்லி ஆகிய மூன்றில் ஒன்றேனும் தொட்டியில் இருப்பதைக் காணலாம். அடுப்பில் சுட்டுக்கொண்ட கைக்குக் கற்றாழைச் சோறும், குழந்தையின் சளிக்குக் கற்பூரவல்லிச் சாறும் நமது பெண்மணிகள் தலைமுறைகளாகக் கையாண்டுவரும் வீட்டு வைத்தியம். ஆகவே இச்செடிகளின் இலையில் காணும் கோளாறு அழகைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. காரணம் அறியாமல் கைக்கு அகப்பட்ட மருந்தைத் தெளித்தால், அம்மருந்து குழந்தையின் வாய்க்கே போய்ச் சேரும்.

இத்தகைய சதைப்பற்றுள்ள செடிகளுக்கு நேரும் கேடுகளில் பெரும்பாலானவை பூச்சியாலும் நோயாலும் வருவன அல்ல. நாம் வார்க்கும் நீரால் வருவன. திருஷ்டிக்காக வாசல் நிலையில் தலைகீழாகக் கட்டும் கற்றாழையை அங்கத்தினர்கள் அனைவரும் கண்டிருப்பார்கள். மண்ணும் இல்லை, நீரும் இல்லை; எனினும் மாதக்கணக்கில் அது உயிரோடிருக்கிறது. திண்ணையில் நாள்தோறும் நீர் வார்க்கப்படும் கற்றாழையோ அதற்குள் அழுகிப் போகிறது!

இதன் காரணத்திற்குத் தொடக்ககாலத் தடயம் ஒன்று அகப்பட்டதும் ரணகள்ளி இலையிலேதான். தரங்கம்பாடியிலிருந்த மொரேவியச் சபைப் பணிக்காக இந்நாட்டிற்கு வந்து, பின்னர் கம்பெனியாரிடம் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன் என்பவர், ரணகள்ளி இலை காலையில் நல்ல புளிப்பாகவும் நண்பகலில் சுவையற்றும் இருப்பதைக் கவனித்தார். அவருடைய குறிப்பு 1815-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. பிற்காலத்தார் ஆராய்ந்து கண்டது யாதெனில், இச்செடிகள் இலைத் துளைகளை இரவில் திறந்து கரியமில வாயுவை ஏற்று, அதைப் புளிப்பாக மாற்றிச் சேமித்து வைக்கின்றன. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, அச்சேமிப்பை வெயிலின் துணையால் உணவாக்குகின்றன. பகல் வெப்பத்தில் துளைகள் மூடியிருப்பதால் நீர் வீணாவதில்லை. இத்துணைச் சிக்கனமாக வாழும் செடிக்கு நாள்தோறும் ஒரு செம்பு நீர் எதற்கு? வெற்றிலைக் கொடிக்காலில் ஈரம் காத்துப் பழகிய கை தொட்டியருகிலும் சும்மா இருப்பதில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

இலையைக் கண்டு நோயை அறிவதில் ஒரு சூட்சுமம் உண்டு. இலை மெலிந்து சுருங்கி, ஓரங்கள் உட்புறமாக மடிந்தால் தாகம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் வேர் அழுகிவிட்ட செடிக்கும் இதே தோற்றம் உண்டாகும். மண்ணில் நீர் இருந்தும் உறிஞ்ச வேர் இராது. அதற்கு மேலும் நீர் வார்ப்பது அதன் கதையை முடிப்பதாகும். ஆகவே முதலில் மண்ணில் விரலை இரண்டு கணு ஆழம் நுழைத்துப் பார்க்க வேண்டும். மண் உலர்ந்து, இலையும் சுருங்கியிருந்தால் தாகமே. வேர் கெடாதிருந்தால் நன்றாக ஒரு முறை நீர் விட்டால் சில நாட்களில் தேறும். மண் ஈரமாக இருந்தும் இலை தளர்ந்தாலோ, அடிப்புறம் கண்ணாடிபோல் நீர் கோத்து மிருதுவாகித் துர்நாற்றம் வீசினாலோ வேரழுகல் என்று கொள்ளலாம். அடியிலுள்ள ஓரிரு முதிர்ந்த இலைகள் மட்டும் காய்வது வயதின் விளைவு. அதற்கு வைத்தியம் தேவையில்லை.

வேரழுகல் எனத் தெரிந்தால் தாமதியாமல் செடியைத் தொட்டியினின்று எடுத்து மண்ணை உதறிவிட வேண்டும். நல்ல வேர் வெளுத்து உறுதியாக இருக்கும். கெட்டது பழுப்பேறி விரலில் நசுங்கும். கெட்டதைச் சுத்தமான கத்தியால் அறுத்தெறிந்து, செடியை மூன்று நான்கு நாட்கள் நிழலில் கிடத்தி, வெட்டுவாய் உலர்ந்தபின் புது மண்ணில் நட வேண்டும். நட்டபின் ஒரு வாரம் நீர் காட்டலாகாது. நமது வயல் வண்டல் நெல்லுக்கு அமுதம்; தொட்டிக் கற்றாழைக்கோ அது சேறு. ஒரு பங்கு தோட்ட மண்ணுடன் ஒரு பங்கு பருமணலும் ஒரு பங்கு செங்கல் நொறுங்கலும் கலந்து, மக்கிய எரு சிறிது சேர்த்தால் போதும். காலியான பெயிண்டு வாளியில் நடுவோர் அடியில் துளையிட மறக்கலாகாது.

தாய்ச்செடி பிழைக்காவிடினும் குடும்பம் அற்றுப்போவதில்லை. கற்றாழையின் பக்கக் கன்றுகளைப் பிரித்து நடலாம். ‘கட்டிப்போட்டால் குட்டி போடும்’ என்று மக்கள் வழங்கும் ரணகள்ளியின் நல்ல இலை ஒன்றை ஈர மணல்மேல் கிடத்தினால் ஓரப் பற்களிலிருந்து கன்றுகள் கிளம்பும். கற்பூரவல்லிக்குத் தண்டுத் துண்டு போதுமானது. கற்றாழையின் தனி இலையை மட்டும் நட்டுப் பயனில்லை; அது அழுகிவிடும்.

நெசவாளர் இல்லங்களுக்கென ஓர் எச்சரிக்கை உண்டு. பட்டு நூலின் பசை போக்க சோப்பும் சோடாவும் இட்டுக் காய்ச்சிய நீரையும், சாய நீரையும் தொட்டியில் கொட்டலாகாது. அவற்றிலுள்ள உப்பும் காரமும் மண்ணில் தங்கி இலை நுனியைக் கருக்கும். மண்ணின்மேல் வெள்ளைப் படிவு தோன்றுவது இதற்கு அறிகுறி. மண்ணை மாற்றிவிடுவதே மேல். நிழலில் இருந்த செடியைத் திடீரென வெயிலில் வைத்தால் இலை செம்பழுப்பாவது நோயன்று; படிப்படியாக வெயிலுக்குப் பழக்கினால் சரியாகும். தறிக்கூடத்து இருட்டு மூலையில் வெளிறி நீண்டு சாயும் செடிக்கு வெளிச்சமே மருந்து.

இலைக் கணுக்களில் பஞ்சுபோல் வெண்மை படர்ந்து எறும்பும் ஏறினால், அது மாவுப்பூச்சி. சப்பாத்திக்கள்ளியில் காணும் வெண்பஞ்சு மட்டும் வேறு. நசுக்கினால் விரல் சிவக்கும். அது கொச்சினீல் இனம். பட்டுக்கும் கம்பளிக்கும் சிவப்பேற்றும் சாயத்திற்காக 1795-இல் பிரேசிலிலிருந்து வங்காளத்திற்குக் கொண்டுவரப்பட்ட பூச்சி, சாயத்திற்கு மட்டமான வகையாக முடிந்தது. ஆனால் கள்ளியைத் தின்று தீர்த்தது. களையாய்ப் பரவிய கள்ளியை அழிப்பதற்கென்றே 1926-இல் இலங்கையிலிருந்து அதன் இனத்து மற்றொரு பூச்சி சென்னை மாகாணத்திற்குக் கொணரப்பட்டது. சில ஆண்டுகளில் பெரும்பரப்பு கள்ளி ஒழிந்தது. சாயத்துக்கு உதவாதது உழவுக்கு உதவிற்று! நமது கற்றாழையை அது தீண்டுவதில்லை.

மாவுப்பூச்சியை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுப்பதே சிறந்தது. மிகுதியாயின், ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, முதலில் ஓர் இலையில் தெளித்து இரு நாள் பார்த்து, இலை கருகாவிடில் வாரம் ஒருமுறையாக மூன்று முறை மாலையில் தெளிக்கலாம். அக்காலத்தில் இலையை மருந்துக்குப் பறிக்க வேண்டாம். நெல்லுக்கும் கொடிக்காலுக்கும் வாங்கி மீந்த பூச்சிக்கொல்லியை இச்செடிகளின் பக்கம் கொண்டுவரவே கூடாது. சில மருந்துகள் இலையின் உள்ளே ஊடுருவித் தங்குபவை; கழுவினாலும் போகமாட்டா.

ஐப்பசி அடைமழையில் இலைமேல் நீர் தெறித்துக் கரும்புள்ளிகள் தோன்றுவதுண்டு. அவ்விலைகளை அறுத்து அப்புறப்படுத்தி, புரட்டாசிக் கடைசியிலேயே தொட்டிகளைத் தாழ்வாரத்தின் உட்புறம் நகர்த்திவிடலாம். கார்த்திகை முடியும்வரை மண் முற்றும் உலர்ந்தால் மட்டுமே நீர் விட வேண்டும்.