தபால் கார்டில் ஆடி உலக சாம்பியன் ஆனார்கள்!

வேலையை விடாமல் 'கிராண்ட் மாஸ்டர்' பட்டம்

சதுரங்கத்தில் 'கிராண்ட் மாஸ்டர்' என்றதும் நினைவுக்கு வருபவர் சென்னையைச் சேர்ந்த விஸ்வநாதன் ஆனந்த். 1988-ம் ஆண்டு அவர் அந்தப் பட்டத்தைப் பெற்றார். இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் அவர்தான்.

அதே பெயரில் இன்னொரு பட்டமும் உண்டு. தபால் மூலம் சதுரங்கம் ஆடுபவர்களுக்கு உரிய பட்டம் அது. 1951-ல் தோன்றிய சர்வதேச தபால் சதுரங்கக் கூட்டமைப்பு அதை வழங்குகிறது.

இந்த ஆட்டத்துக்கு லீவு போட வேண்டாம். ரெயில் ஏற வேண்டாம். பகலில் வேலை. இரவில் பலகை. யோசித்து முடித்ததும் ஒரு கார்டு. அவ்வளவுதான்.

நான்கு எண்கள்

ஆடுபவர்கள் பல மொழிக்காரர்கள். எனவே கார்டில் எண்களை மட்டும் எழுதுவார்கள். நெடுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண். குறுக்கு வரிசைகளுக்கும் அப்படியே. '5254' என்று எழுதினால், ராஜாவின் முன் நிற்கும் வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம் நகர்கிறது என்று பொருள்.

10 முறை காய் நகர்த்த 30 நாள் கெடு என்பது வழக்கமாக இருந்தது. கார்டு வழியில் இருக்கும் நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. அதனால் ஒரு போட்டி பல ஆண்டுகள் நீளும்.

1987-ல் தொடங்கிய 10-வது தபால் ஒலிம்பியாட் இறுதிப் போட்டி 1995-ல்தான் முடிந்தது. மூன்றாம் இடம் கிழக்கு ஜெர்மனிக்கு. அந்த நாடோ 1990-லேயே மறைந்துவிட்டது!

சென்னையின் பங்கு

இந்த ஆட்டம் நமக்குப் புதிது அல்ல. 1828-29-ல் சென்னையும் ஐதராபாத்தும் கடிதம் மூலம் இரண்டு ஆட்டங்கள் ஆடின. சென்னைக்காக ஆடியவர் குலாம் காசிம். அந்த ஆட்டங்களை விளக்கி, அவரும் ஜேம்ஸ் காக்ரேன் என்ற அதிகாரியும் எழுதிய புத்தகம் 1829-ல் சென்னையில் வெளிவந்தது.

சாம்பியன்கள் யார்?

முதல் உலக சாம்பியன் ஆஸ்திரேலியாவின் செசில் பர்டி. சதுரங்கப் பத்திரிகை ஆசிரியர். 1965-ல் பட்டம் வென்ற ரஷியாவின் சகோரோவ்ஸ்கி, சரித்திரப் பேராசிரியர். ரஷியப் பெண்மணி ஓல்கா ரூப்சோவா, நேருக்கு நேர் ஆட்டம், தபால் ஆட்டம் இரண்டிலும் மகளிர் உலக சாம்பியன் ஆனவர்.

அமெரிக்காவின் ஹான்ஸ் பெர்லினர், ஐ.பி.எம். கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். 1968-ல் முடிந்த உலகப் போட்டியில் 16 ஆட்டங்களில் 12 வெற்றி, 4 டிரா. தோல்வியே இல்லை!

பிறகு பேராசிரியரான அவர், 'ஹைடெக்' என்ற சதுரங்கக் கம்ப்யூட்டரை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். அமெரிக்காவின் முன்னாள் சாம்பியன் டெங்கரை 1988-ல் அது தோற்கடித்தது.

இன்று கார்டு போய் இணையம் வந்துவிட்டது. கம்ப்யூட்டரின் உதவியோடு ஆடலாம் என்பது இப்போதைய விதி. இரு பக்கமும் தவறு இல்லாததால், பெரும்பாலான ஆட்டங்கள் டிராவில் முடிகின்றன. கிராண்ட் மாஸ்டர் பட்டத்துக்குத் தேவையான வெற்றி கிடைப்பது அரிதாகிவிட்டது.

1968-ல் பெர்லினரின் கையில் இருந்ததோ, ஒரு பலகையும் எதிராளியின் கார்டும் மட்டுமே.