அசையும் பொம்மைகள்

குழந்தையின் உலகில் அசையாத பொருளுக்கு மதிப்புக் குறைவு. மரத்தால் செய்த அழகிய யானை ஒன்றைக் கையில் கொடுத்தால், குழந்தை அதைச் சிறிது நேரம் பார்க்கும். பின்பு ஒரு மூலையில் போட்டுவிடும். அதே யானைக்கு நான்கு சக்கரங்களைப் பொருத்திக் கயிறு கட்டிக் கொடுத்தால், வீடு முழுவதும் அதை இழுத்துக்கொண்டு திரியும். தான் இழுக்க அது வருகிறது; தான் நிற்க அது நிற்கிறது. தன் கை ஒரு பொருளை இயக்க வல்லது என்னும் உணர்வே குழந்தையின் மகிழ்ச்சிக்குக் காரணம். அப்பொருளைத் தானே செய்திருந்தால் அம்மகிழ்ச்சி இரு மடங்காகும் அன்றோ?

இவ்விருப்பம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. சிந்துவெளி நகரங்களாகிய அரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் 1921, 1922ஆம் ஆண்டுகளில் அகழ்வாராய்ச்சி தொடங்கியது. அங்கே கிடைத்த பொருள்களுள் சுடுமண்ணால் ஆகிய சிறு வண்டிகள் பல. தலையைத் தனியே செய்து, கயிற்றால் அசைக்கும்படி உடலோடு இணைத்த மண் காளையும் அங்கே கிடைத்தது. அவை நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. தமிழ்நாட்டிலும் இவ்வழக்கம் பழைமையானதே. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாமல் உருட்டி விளையாடிய முக்காற் சிறுதேரைப் பட்டினப்பாலை கூறுகிறது. கால் என்பது ஈண்டுச் சக்கரத்தைக் குறிக்கும். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் பாடப்பெறும் பத்துப் பருவங்களுள் ஒன்று சிறுதேர்ப் பருவம் ஆகும்.

அசையும் பொம்மை செய்வதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஓலை, முள், குச்சி, நூல் தீர்ந்த உருளை, முட்டையோடு ஆகியவையே போதும். ஆனால், செய்கின்றவர் மனத்தில் இரண்டு வினாக்கள் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். இதனை இயக்குவது எது? இதன் இயக்கத்தைத் தடுப்பது எது? இவ்விரு வினாக்களையும் துணையாகக் கொண்டு நான்கு பொம்மைகளைச் செய்து பார்க்கலாம்.

முதலாவது ஓலைக் காற்றாடி. ஒரு சாண் நீளமும் இரு விரல் அகலமும் உள்ள பனையோலை நறுக்கு ஒன்றை எடுத்து, அதன் நடுவில் துளையிடுதல் வேண்டும். துளை வழியே கருவேல முள்ளைச் செலுத்தி, முள்ளின் கூர்முனையைச் சோளத் தட்டை ஒன்றில் குத்திவிட்டால் காற்றாடி ஆயிற்று. அதனை முன்னே நீட்டிக்கொண்டு ஓடினால் சுழலுமா? சுழலாது. ஓலை தட்டையாக இருப்பதால், எதிரே வரும் காற்று அதனைப் பின்னோக்கித் தள்ளுமேயன்றிச் சுழற்றாது. ஓலையின் இரு கோடிகளையும் சிறிது முறுக்கிச் சாய்த்தல் வேண்டும். அவ்வாறு சாய்க்கும்போதும் ஒரு பிழை நேர்வதுண்டு. இரு கோடிகளிலும் மேல்விளிம்பையே முன்னே சாய்த்துவிட்டால் இரண்டும் மேலே எழ முயலும். அதனால் காற்றாடி சுழலாது நிற்கும். வலக்கோடியில் மேல்விளிம்பு முன்னே சாய்ந்தால், இடக்கோடியில் கீழ்விளிம்பு முன்னே சாய்தல் வேண்டும். அப்பொழுது ஒன்று மேலே எழும், மற்றொன்று கீழே இறங்கும், காற்றாடி சுழலும். மின்சாரம் தரும் பெரிய காற்றாலைகளின் இலைகளும் இவ்வாறு சாய்ந்திருப்பவையே. கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் வானளாவ நிற்கும் காற்றாலைகளைக் காணும் சிறுவன், தன் ஓலைக் காற்றாடியின் உறவினரை அங்கே கண்டுகொள்வான்.

இரண்டாவது நுங்கு வண்டி. கோடைக்காலத்தில் நுங்கு தின்று கழித்த காய்கள் இரண்டை எடுத்து, ஒரு சாண் நீளமுள்ள குச்சியால் இணைத்தால், காய்கள் சக்கரங்களாகவும் குச்சி அச்சாகவும் அமையும். தோளுயரம் உள்ள கவட்டைக் கம்பு ஒன்றின் கவட்டினை அச்சின்மேல் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுதல் வேண்டும். இதனை இயக்குவது கையின் வலிமை. தடுப்பது எது? குச்சி காயின் நடுவே செல்லாமல் ஒரு பக்கமாகச் சென்றிருந்தால், வண்டி தூக்கித் தூக்கிப் போடும். சக்கரத்தின் அச்சு நடுவில் அமைய வேண்டும் என்னும் உண்மையை இதனைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் கூறாது. இனி, கவட்டையின் பட்டை சொரசொரப்பாக இருந்தால், அச்சு சுழலாது. வண்டி உருளாமல் தரையில் இழுபடும். அதற்குக் காரணம் உராய்வு. கவட்டின் உட்புறத்தை வழவழப்பாகச் சீவி, இரண்டு துளி எண்ணெய் இட்டால் வண்டி எளிதாக ஓடும். கட்டை வண்டிக்காரர்கள் நெடும்பயணத்துக்கு முன் அச்சுக்கு மையிட்டதன் காரணமும் இதுவே.

மூன்றாவது தானே ஊர்ந்து செல்லும் உருளை வண்டி. தையற்காரர் நூல் தீர்ந்தபின் எறிந்துவிடும் உருளை இதற்கு வேண்டும். உருளையின் துளை வழியே ரப்பர் வளையம் ஒன்றைச் செலுத்தி, ஒரு புறத்தில் வெளிவரும் முனையில் சிறிய தீக்குச்சித் துண்டைக் கோத்து, அது சுழலாதவாறு உருளையோடு ஒட்டிவிடுதல் வேண்டும். மறுபுறத்தில் மெழுகுவத்தியிலிருந்து அறுத்த வில்லை ஒன்றின் நடுவில் துளையிட்டு, ரப்பர் முனையை அதன் வழியே இழுத்து, நீண்ட குச்சி ஒன்றைக் கோத்தல் வேண்டும். அக்குச்சி உருளையின் விளிம்பைத் தாண்டி வெளியே நீண்டிருத்தல் இன்றியமையாதது. குச்சியை இருபது முப்பது முறை சுற்றித் தரையில் விட்டால், உருளை மெல்ல ஊர்ந்து செல்லும். முறுக்கேறிய ரப்பர் விரிய முயல்கிறது. குச்சியைத் தரை தடுக்கிறது. ஆகவே உருளை சுழல்கிறது. சுற்றிய கையின் உழைப்பு ரப்பரிற் சேர்ந்திருந்து, சிறிது சிறிதாக வெளிப்படுகிறது. சாவி கொடுத்து ஓடும் கடிகாரத்தில் வில் செய்யும் வேலையை இங்கே ரப்பர் செய்கிறது. மெழுகு வில்லை இல்லையாயின் குச்சி உருளையோடு உராய்ந்து நின்றுவிடும். ஆகவே உராய்வு பகை என்று எண்ணத் தோன்றும். ஆனால், வழவழப்பான பிளாஸ்டிக் உருளை தரையைப் பற்றாமல் நின்ற இடத்திலேயே சுழல்வதும் உண்டு. அப்பொழுது அதன் இரு விளிம்புகளிலும் ரப்பர் வளையம் மாட்டினால், அது தரையைப் பற்றிக்கொண்டு முன்னேறும். ஓரிடத்தில் பகையாகிய உராய்வு மற்றோரிடத்தில் நட்பாவதை இச்சிறு வண்டி காட்டுகிறது.

நான்காவது தலையாட்டிப் பொம்மை. தஞ்சாவூர்க்குப் புகழ் தந்த பொம்மைகளுள் இதுவும் ஒன்று. எப்பக்கம் சாய்த்தாலும் மீண்டும் நிமிர்ந்து நிற்கும் இப்பொம்மையின் அடிப்பகுதி உருண்டையாகவும் கனமாகவும் இருக்கும். வீட்டிலே இதனை முட்டையோட்டால் செய்யலாம். முட்டையின் கூரிய முனையில் சிறு துளையிட்டு, உள்ளிருப்பதை வெளியேற்றிக் கழுவி உலர்த்தி, இரண்டு கரண்டி மணலை உள்ளே இட்டால், அது தானே நிமிரும் என்று சிறுவர் எண்ணுவர். ஆனால், சாய்த்த பக்கமே அது கிடக்கும்! ஏன்? முட்டை சாயும்போது மணலும் உடன் நகர்ந்து அப்பக்கமே தங்கிவிடுகிறது. உருகிய மெழுகைச் சிறிது ஊற்றி, ஓட்டை நிமிர்த்தி வைத்து, மணலை அடியிலேயே இறுகச் செய்தால் பொம்மை நிமிரும். பாதிக்கு மேல் நிரப்பிவிட்டாலோ எடை மேலேறி, மீண்டும் நிமிராது. எடை அடியிலே நிலைபெற்றிருத்தல் வேண்டும். அதுவே இதன் உயிர். இதனை இயக்குவது காற்றன்று, கையன்று, முறுக்கன்று, தன் எடையே.

இவ்வேலையில் பெரியோர்க்கும் பங்கு உண்டு. கத்தியால் சீவுதலும், மெழுகை உருக்குதலும், முள்ளைக் குத்துதலும் சிறு பிள்ளைகள் தனியே செய்யத்தக்கன அல்ல. பெரியோர் அவற்றைச் செய்து தருதல் வேண்டும். ஆனால், அவர்கள் செய்யக்கூடாத செயல் ஒன்று உண்டு. ஒரு சிறுவனின் உருளை வண்டி ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவன் முகம் வாடுகிறது. அதனைக் காணப் பொறாத தந்தை, வண்டியை வாங்கி ஒரு நொடியில் செம்மைப்படுத்தித் தருகிறார். வண்டி ஓடுகிறது, சிறுவனும் கைகொட்டி மகிழ்கிறான். ஆயினும், மறுநாள் அது நின்றுவிட்டால் அவன் மீண்டும் தந்தையையே தேடிச் செல்வான். வேறொரு வீட்டில் தாத்தா பேரனைப் பார்த்து, “எது தடுக்கிறது, பார்” என்று மட்டும் கூறிவிட்டு அருகில் அமர்ந்திருக்கிறார். பேரன் பிரிக்கிறான், பூட்டுகிறான், அரை மணி நேரம் அலைகிறான், முடிவில் குச்சி விளிம்பில் உரசுவதைத் தானே கண்டுபிடிக்கிறான். அவன் பெற்றது ஓடும் வண்டி மட்டுமன்று. நின்றதை ஓடச் செய்யும் அறிவும் ஆகும். அவ்வறிவை அவனிடமிருந்து யாரும் பறித்தல் இயலாது.

இவ்வுண்மையை வாழ்க்கைப் பணியாகக் கொண்டவர் அரவிந்த் குப்தா. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற பொறியாளரான அவர், 1978ஆம் ஆண்டில் தம் தொழிற்சாலை வேலையிலிருந்து விடுப்புப் பெற்று, மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத்துப் பகுதியில் கிராமப் பள்ளிகளுக்கான அறிவியல் கல்விப் பணியிற் சேர்ந்தார். அங்கே சைக்கிள் வால்வுக்குரிய மெல்லிய ரப்பர் குழாயையும் தீக்குச்சிகளையும் இணைத்து முக்கோணம், சதுரம் முதலிய வடிவங்களைச் செய்து காட்டினார். சதுரம் அழுத்தினால் சாயும், முக்கோணம் சாயாது. பாலங்களில் முக்கோணச் சட்டங்கள் அமைவதன் காரணத்தைச் சிறுவர் தம் விரல்களாலேயே உணர்ந்தனர். எறியப்படும் பொருள்களைக் கொண்டு அறிவியல் புகட்டிய அவருக்கு 2018ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

கடையில் விற்கும் பொம்மை வண்ணம் மிக்கது, விரைந்து ஓடுவது, ஒலியும் ஒளியும் உடையது. அதனை வேண்டா என்று சொல்வார் இல்லை. ஆயினும், அதன் உள்ளே நிகழ்வது குழந்தையின் கண்ணுக்குப் புலனாவதில்லை. அது நின்றுவிட்டால் குப்பைக்குச் செல்லும். நுங்கு வண்டியோ எதனையும் மறைப்பதில்லை. அதன் அச்சும் சக்கரமும் உராய்வும் கண்முன்னே நிற்கின்றன. அது நின்றால் பாடம் தொடங்குகிறது. ஆதலால், ஓடாத வண்டியைக் கண்டு மனம் தளர வேண்டுவதில்லை. இயக்குவது எது, தடுப்பது எது என்று ஆராயும் கையே நாளை பெரிய எந்திரங்களையும் இயக்கும் கையாகும்.